காலா-அசாரும் அண்டை நாடுகளின் கூட்டு முயற்சியும்

காலா-அசார் என்பது, சிகிச்சை பெறாவிடில் பெரும்பாலான நோயாளிகளை மாய்த்துவிடும் கொடிய நோயாகும். நீடித்த காய்ச்சல், மண்ணீரல் வீக்கம், உடல் மெலிவு, இரத்தச் சோகை ஆகியன இதன் அறிகுறிகள். இதனை விளைவிக்கும் ஒட்டுண்ணியை லீஷ்மன், டொனோவன் ஆகிய இருவரும் 1903-ஆம் ஆண்டில் தனித்தனியே வெளியிட்டனர். டொனோவன் அப்பொழுது சென்னையில் பணிபுரிந்து வந்தார் என்பது குறிப்பிடத்தக்கது.

மண் சுவர்களின் வெடிப்புகளிலும் மாட்டுத் தொழுவங்களிலும் பதுங்கி வாழும் மணல் ஈயே இந்நோயைப் பரப்புகின்றது. இந்திய உபகண்டத்தில் இவ்வொட்டுண்ணிக்கு மனிதனே முக்கிய உறைவிடம். ஆகவே நோயாளிகள் அனைவரையும் கண்டறிந்து குணப்படுத்தி, ஈக்களையும் கட்டுப்படுத்தினால் நோயை ஒடுக்க இயலும். இந்நம்பிக்கையுடன் 2005-ஆம் ஆண்டில் இந்தியாவும் நேபாளமும் வங்காள தேசமும் உடன்படிக்கை செய்துகொண்டன. 2014-இல் டாக்காவில் பூட்டானும் தாய்லாந்தும் இம்முயற்சியில் இணைந்தன.

ஆண்டொன்றுக்குப் பதினாயிரம் மக்களில் ஒருவருக்கும் குறைவாகவே நோய் காணவேண்டும் என்பது பொது இலக்கு. ஆனால் இந்தியா வட்டாரம் வாரியாகவும், வங்காள தேசம் உபஜில்லா வாரியாகவும், நேபாளம் மாவட்ட வாரியாகவும் கணக்கிட்டன. பரந்த மாவட்டத்தின் சராசரியில் ஒரு சிற்றூரின் துயரம் மறைந்துவிடக்கூடும் என்பதை ஊழியர் உணர்தல் வேண்டும்.

மணல் ஈ நெடுந்தூரம் பறப்பதன்று. எல்லையைக் கடப்பவன் மனிதனே. பீகாரின் வடபகுதிக்கும் நேபாளத்திற்கும் இடையே மக்கள் தடையின்றிப் போய்வருகின்றனர். ஒருபுறத்தில் வசிப்பவர் மறுபுறத்தில் மருந்து பெற்றுத் திரும்பினால், அச்செய்தி அவருடைய ஊருக்கு எட்டாவிடில், அவர் வீட்டைச் சுற்றி மருந்து தெளிப்பவரும் இலர். குடும்பத்தாரைச் சோதிப்பவரும் இலர். நோயாளி பற்றிய தகவல் தாமதமின்றி எல்லையைக் கடப்பதே கூட்டுறவின் உயிர்நாடி. ஒப்பந்தத்தில் கையொப்பமிடுவதைவிட இதுவே கடினமான பணி.

இலக்கை எட்டி மூன்றாண்டுகள் தொடர்ந்து காத்த பின்னரே உலக சுகாதார ஸ்தாபனம் சான்றளிக்கும். 2023-இல் வங்காள தேசம் உலகிலேயே முதலாவதாக அச்சான்றினைப் பெற்றது. எனினும் நோய் அறவே அற்றுவிட்டது என்பது இதன் பொருளன்று.

காய்ச்சல் நீங்கிப் பல மாதங்களோ ஆண்டுகளோ கழிந்தபின் சிலருடைய தோலில் வெளிறிய புள்ளிகள் தோன்றுவதுண்டு. நோவு இன்மையால் இவர்கள் மருத்துவரை நாடுவதில்லை. ஆயினும் இவர்களைக் கடிக்கும் ஈ ஒட்டுண்ணியைப் பெறுகின்றது. இப்புள்ளிகளைக் குஷ்டம் எனப் பிறழ உணர்வதும் உண்டு. குஷ்டத்தின் வெளிறிய படைகளில் தொடு உணர்ச்சி குன்றியிருக்கும். இவற்றிலோ அது குன்றுவதில்லை.