நடவாத காலுக்கும் கதை உண்டு

 

வாசிப்பு வேளையொன்றில் நாம் 'ஹைடி' என்னும் கதையை மாணவர்க்குக் கூறினோம். சுவிட்சர்லாந்து நாட்டு யோகன்னா ஸ்பைரி அம்மையார் எழுதியது அது. அதன் இரண்டாம் பகுதி 1881ஆம் ஆண்டு வெளிவந்தது. சக்கர நாற்காலியில் வாழ்ந்த கிளாரா என்னும் சிறுமி, மலைக்காற்றாலும் ஆட்டுப்பாலாலும் வலிமை பெற்று, இறுதியில் எழுந்து நடக்கிறாள். மாணவர் மகிழ்ந்து கைதட்டினர். கால் வலுவின்றிப் பிறந்த ஒரு மாணவன் மட்டும், "ஐயா, அவள் நடக்காமலே இருந்திருந்தால் கதை கிடையாதா?" என்று வினவினான். அன்று நமக்கு விடை வரவில்லை.

1911ஆம் ஆண்டு வெளிவந்த 'இரகசியத் தோட்டம்' என்னும் ஆங்கிலக் கதையிலும், நடக்க இயலாதவனாகக் கருதப்பட்ட சிறுவன் நடந்துவிடுகிறான். இக்கதைகள் நம்பிக்கை ஊட்டுவன. எனினும், உடல் குணமானால்தான் வாழ்வில் இன்பம் உண்டு என்னும் பிழையான எண்ணத்தையும் அவை விதைக்கக்கூடும்.

அம்மாணவன் வினாவிற்கு விடை நம் ஊரிலேயே உள்ளது. 1930ஆம் ஆண்டு சுங்கை பூலோவில் தொழுநோயாளர் குடியிருப்பு திறக்கப்பட்டது. வீடுகள், பள்ளிக்கூடம், வழிபாட்டிடங்கள் எனத் தனி ஊராகவே அது விளங்கியது. நோயுற்ற சிறுவர் சிறுமியரும் வீட்டாரைப் பிரிந்து அங்கு வளர்ந்தனர். மருந்தால் நோய் தீர்ந்தது. ஆயினும், நரம்பு கெட்டு மடங்கிய விரல்கள் பலருக்கு நிமிரவில்லை. அவ்விரல்களாலேயே பலர் பூச்செடி வளர்த்து விற்றனர். மணம் புரிந்து இல்லறம் நடத்தினர். உடற்குறையோடு ஊராரின் அச்சமும் அவர்களை வருத்தியது. தொழுநோய் இன்று மருந்தால் முற்றும் தீரக்கூடியது. அவ்வச்சத்திற்கு இனி இடமில்லை.

மாணவர்களே, உடற்குறையுள்ள பிள்ளையைப் பற்றிய கதையைப் படிக்குங்கால் மூன்று வினாக்களை எழுப்புங்கள்.

1. அப்பிள்ளை தானே எண்ணிச் செயல்படுகின்றதா? பிறர் இரக்கத்திற்காக மட்டும் கதையில் நிற்கின்றதா?
2. அப்பிள்ளைக்குத் தடையாவது உடலா? படிக்கட்டும் பிறர் சொல்லும் போன்ற வெளித்தடைகளா?
3. குணமாகாவிடினும் அக்கதை நிறைவு பெறுமா?

பெற்றோர்களே, நம் தோட்டத்து லயங்களில் 'நொண்டி' என்று விளித்தல் விளையாட்டாகக் கருதப்படுகின்றது. அச்சொல்லைக் கேட்டு வளரும் பிள்ளை, தன் பெயரையே மறந்துவிடக்கூடும். பெயர் சொல்லி அழையுங்கள். ஆட்டத்தில் அப்பிள்ளைக்கும் ஓர் இடம் தாருங்கள்.

அம்மாணவனுக்கு இன்று விடை கூறுகிறோம். தம்பி, கிளாரா நடக்காதிருந்தாலும் கதை உண்டு. உன் கதையும் உண்டு. அதனை நீயே எழுதுக. அடுத்த ஆண்டு மலரில் அதற்கு இடம் வைத்திருப்போம்.