சவுக்குத் தோப்பு வெட்டும் முறையும் மண்வளமும்

கடலூர், விழுப்புரம், செங்கல்பட்டு மாவட்டங்களின் கடலோர மணற்பாங்கில் பிற பயிர்கள் செழியாத நிலத்திலும் வருவாய் தருவது சவுக்கு. அது மண்ணுக்கு உரமூட்டும் மரம் என்பது நம் உழவர் நம்பிக்கை. இந்நம்பிக்கையில் பாதியே உண்மை.

சவுக்கின் வேர் முடிச்சுகளில் வாழும் பிராங்கியா என்னும் நுண்ணுயிர், காற்றிலுள்ள தழைச்சத்தை ஈர்த்து மரத்திற்கு அளிக்கின்றது. ஆனால் மணிச்சத்தும் சாம்பற்சத்தும் சுண்ணாம்புச் சத்தும் அவ்வாறு வருவன அல்ல. அவை மண்ணிலிருந்தே மரத்தில் ஏறுகின்றன. மரம் வண்டியேறுங்கால் உடன் செல்கின்றன.

எவ்வளவு செல்லும் என்பது வெட்டும் முறையைப் பொறுத்தது. கட்டை எடையில் பெரிது, சத்தில் சிறிது. இலையும் மிளாரும் பட்டையும் எடையில் சிறியனவாயினும், எடைக்கு எடை நோக்கின் கட்டையைவிட மிகுந்த சத்துடையன. நாமோ தோப்பை ஒட்டுமொத்தமாக வியாபாரியிடம் பேசி விட்டுவிடுகிறோம். அவர் கட்டையோடு மிளாரையும் கட்டிச் சூளைக்கு அனுப்புகிறார், தூரையும் அகழ்ந்தெடுக்கிறார். உதிர்ந்த சருகோ முன்னரே கூட்டி அள்ளப்பட்டிருக்கும். 3 முதல் 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை இது நிகழ்ந்தால், களிப்பற்ற மணல் எதைக் கொண்டு ஈடுசெய்யும்? நெடுங்காலத்திற்கு ஒருமுறை வெட்டப்படும் மலைக்காட்டிற்கு இருக்கும் ஓய்வு இதற்கில்லை.

மிளாரை நிலத்திலேயே கொளுத்துவோரும் உளர். தழைச்சத்து புகையாய்ப் போகும். எஞ்சும் சாம்பலின் சத்தை மழை கரைத்து மணலுக்கடியில் இறக்கிவிடும்.

வெட்டும் பருவமும் கருதத்தக்கது. அமெரிக்க நாட்டின் ஹப்பர்ட் புரூக் காட்டில் 1965-ஆம் ஆண்டின் இறுதியில் ஒரு நீர்ப்பிடிப்புப் பகுதியின் மரங்களை எல்லாம் வெட்டி அங்கேயே கிடத்தினர். மறுபடி எதுவும் முளையாதபடி மருந்தும் தெளித்தனர். ஒரு மரமும் வெளியேறவில்லை. எனினும் ஓடைநீரில் நைட்ரேட்டு பன்மடங்கு பெருகிற்று. உறிஞ்சும் வேர் இல்லாத மண்ணில் சத்து நில்லாது. ஆகவே ஐப்பசி மழைக்கு முன் தோப்பை வெட்டி நிலத்தை வெறுமையாய் விடுதல் தகாது. வெட்டினால் உடனே நட்டுவிட வேண்டும்.

விற்பனைச் சீட்டில் ஒரு வரி சேர்ப்பது எளிது. மிளாரைச் சில வாரம் வெட்டிய இடத்திலேயே உலரவிட்டால் இலை உதிர்ந்து நிலத்தில் தங்கும். பின்னர்க் குச்சியை வியாபாரி கொண்டு செல்லலாம். தைலமரமாயின் பட்டையை வயலிலேயே உரித்துப் பரப்பச் செய்க. சுண்ணாம்புச் சத்து அதில் மிகுதி. ஊராட்சிக்குரிய தோப்பை ஏலம் விடுங்கால் உறுப்பினர்கள் இவற்றையே நிபந்தனையாக்கலாம். வியாபாரி விலையில் சிறிது குறைக்கக்கூடும். அக்குறைவை, அடுத்த நடவிற்கு வாங்க வேண்டிய உரத்தின் விலையோடு வைத்துக் கணக்கிட்டுப் பார்த்த பின்னரே சீட்டில் கையொப்பமிடுக.