எங்கள் படகு, எங்கள் எஞ்சின்

1990 ஓகஸ்ட்டில் தீவுப்பகுதியில் இராணுவ நடவடிக்கை தொடங்கியபோது மண்டைதீவு மக்கள் வீட்டையும் தோட்டத்தையும் விட்டு வெளியேறினார்கள். நிலத்தை விட்டுவந்த கமக்காரக் குடும்பத்துக்குப் படகு ஒரு பிழைப்பு வழியாகலாம். ஆனால் கடன்பட்டு வாங்கிய படகில் எஞ்சின் பழுதாகி நின்றால் தொழிலும் நிற்கும், கடனும் ஏறும். தோட்டத்தில் இறைப்பு இயந்திரம் நின்றால் வீட்டுக்கு நடந்து வரலாம். கடலில் நின்றால் நீரோட்டம் இழுக்கும் பக்கந்தான் போகவேண்டும். ஆகவே அடிப்படைப் பராமரிப்பை உடைமையாளரே கற்றிருக்க வேண்டும்.

மண்டைதீவைச் சுற்றிய ஆழங்குறைந்த கடலில் வெளியிணைப்பு இயந்திரப் படகுகளைக் காண்கிறோம். இப்பாடம் படகின் உள்ளே பூட்டிய டீசல் எஞ்சினைப் பற்றியது. குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்குப் போகும் பயணிகள் படகுகளில் இருப்பது இவ்வகையே.

தெரிந்ததிலிருந்து தொடங்குவோம்

ஜேர்மனியரான ருடோல்ஃப் டீசல் 1897இல் வெற்றிகரமாக இயக்கிக் காட்டிய எஞ்சினின் வழியில் வந்ததே நாம் வயலில் ஓட்டிய லாண்ட்மாஸ்ரரும். இதில் தீப்பொறி தரும் பிளக் இல்லை. காற்றை இறுக்கி அமுக்க அது கடுமையாகச் சூடேறும். அந்தச் சூட்டில் டீசலைச் சீறவிடத் தானே பற்றிக்கொள்ளும். படகு எஞ்சினும் இப்படித்தான் இயங்குகிறது. வித்தியாசம், அது கடல்நீரால் குளிர்கிறது. உப்பு அதை அரிக்கிறது. தடைக்காலத்தில் சில சொட்டுப் பெற்றோலில் தொடக்கி, மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டிய எங்களுக்கு இது கற்கமுடியாத வேலையல்ல.

1. டீசல்

டீசலில் தண்ணீரும் தூசியும் சேரக்கூடாது. வடித்து ஊற்றுங்கள். தாங்கியை நிரப்பி வைத்தால் உள்ளே ஈரம் படிவது குறையும். பில்ரரின் அடியில் தேங்கும் நீரை அடிக்கடி திறந்து விடுங்கள்.

டீசல் முடிந்து நின்ற எஞ்சினில் குழாய்க்குள் காற்றுப் புகுந்திருக்கும். தாங்கியை நிரப்பி, பில்ரரின் மேலுள்ள காற்றுப்போக்கித் திருகாணியைச் சற்றுத் தளர்த்தி, கைப்பம்பை அடியுங்கள். குமிழியில்லாமல் டீசல் வந்ததும் இறுக்குங்கள். இன்ஜெக்ரரிலிருந்து சீறும் டீசலுக்குக் கையைக் காட்டவேண்டாம். அது தோலைத் துளைக்கும்.

2. ஒயில்

ஒவ்வொரு நாளும் தொடக்குமுன் அளவுகோலை இழுத்துப் பாருங்கள். ஒயில் இரு கோடுகளுக்கும் இடையில் நிற்கவேண்டும். பால்போல வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது. எஞ்சினைத் தொடக்காமல் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். எத்தனை மணித்தியாலத்துக்கு ஒருமுறை ஒயிலையும் பில்ரரையும் மாற்றுவது என்பது எஞ்சினின் கைநூலில் இருக்கும். ஓடிய நேரத்தைக் கொப்பியில் எழுதி வாருங்கள்.

கழிவு ஒயிலை நிலத்தில் ஊற்றாதீர்கள். தீவுகளில் நன்னீர், உப்புநீரின்மேல் மெல்லிய படையாக நிற்கிறது. ஒருமுறை கெட்ட கிணறு இலகுவில் திருந்தாது.

3. குளிர்நீர்

எஞ்சின் தொடங்கியதும் வெளிக்குழாயால் தண்ணீர் வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் உடனே நிறுத்துங்கள். நீர் எடுக்கும் வடியில் சாதாழை அடைத்திருக்கலாம். பம்பினுள் உள்ள றப்பர் சக்கரம் தண்ணீரில்லாமல் சில நிமிடம் சுழன்றாலே கிழிந்துவிடும். மேலதிகமாக ஒன்று படகில் இருக்கட்டும்.

பல எஞ்சின்களில் நாகத் துண்டு ஒன்று பொருத்தியிருப்பார்கள். உப்புநீர் முதலில் அதை அரிக்கும். மற்ற உலோகம் தப்பும். பாதி கரைந்ததும் மாற்றுங்கள்.

4. புகை சொல்லும் செய்தி

கறுப்பு: காற்றுப் போதாது அல்லது சுமை அதிகம். புறொப்பெல்லரில் வலை சுற்றியிருக்கிறதா என்று, எஞ்சினை நிறுத்திவிட்டுப் பாருங்கள்.
நீலம்: ஒயில் எரிகிறது.
வெள்ளை: டீசல் சரியாக எரியவில்லை, அல்லது உள்ளே தண்ணீர் போகிறது. சூடேறிய பின்னும் நீடித்தால் கவனியுங்கள்.

கரைக்கு வந்த பின்

லூக்கா நற்செய்தி 5ஆம் அதிகாரத்தில், இரவு முழுவதும் ஒன்றும் அகப்படாத மீனவர்கள்கூடக் கரையில் வலையை அலசிக்கொண்டிருக்கிறார்கள். நாமும் கரை சேர்ந்ததும், எஞ்சின் ஆறிய பின் உப்பை ஈரத்துணியால் துடைத்து, உலர்ந்ததும் கழன்ற நட்டுகளை இறுக்கி, வெளி உலோகத்தில் சிறிது ஒயில் பூசுவோம். கால்மணி நேர வேலைதான். நாளைய தொழில் அதில் தங்கியிருக்கிறது.

குழுவில் கலந்துரையாட

1. எங்கள் ஊரில் கழிவு ஒயிலைச் சேர்த்து அப்புறப்படுத்த என்ன ஒழுங்கு செய்யலாம்?
2. சில குடும்பங்கள் சேர்ந்து உதிரிப்பாகங்களையும் சாவிகளையும் பொதுவில் வாங்கி வைக்க முடியுமா?
3. வீட்டுப் பெண்களும் பிள்ளைகளும் இதைக் கற்க எப்போது நேரம் ஒதுக்கலாம்?