அளவறிந்து ஊட்டுக: ஓர் இளம் மெக்கானிக்குக்குக் கடிதம்

வில்லியனூர்

அன்புள்ள தம்பிக்கு,

உன் பட்டறைக்கு வந்திருக்கும் பழைய ஃபோக்ஸ்வேகன் வீட்டு வண்டியைப் பற்றி நீ எழுதியிருந்ததைச் சிரத்தையோடு படித்தேன். 1969-இல் பாரிஸ் நகரிலிருந்து தரைமார்க்கமாகப் புறப்பட்ட ஒரு கூட்டத்தார் நமக்கு அண்டையிலுள்ள ஆரோவில்லுக்கு வந்து சேர்ந்த அந்தக் காலத்தில், படுக்கையையும் அடுப்பையும் அலமாரியையும் உள்ளே வைத்துக்கொண்டு தேசம் விட்டுத் தேசம் போகும் இத்தகைய வண்டிகள் உலகமெங்கும் பிரசித்தமாயிருந்தன. அவற்றுள் ஒன்றின் கார்புரேட்டரைக் கழற்றிவிட்டு, மின்னணு முறையில் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்ஷன் ஏற்பாட்டைப் பொருத்தித் தருமாறு அதன் சொந்தக்காரர் கேட்க, நீயும் துணிந்து ஒப்புக்கொண்டிருக்கிறாய். உன் துணிவு எனக்கு மகிழ்ச்சி தருகிறது. அந்தத் துணிவோடு நிதானமும் சேரவேண்டும் என்ற அக்கறையினாலேயே இதை எழுதுகிறேன்.

கார்புரேட்டரை இகழ்ந்து பேசும் வழக்கம் இக்கால இளைஞரிடையே பரவியிருக்கிறது. நீ அதைக் கைக்கொள்ளாதே. மின்சாரத்தின் உதவியுமின்றி, கணக்கிடும் கருவியுமின்றி, குறுகிய வழியில் விரைந்து செல்லும் காற்றின் அழுத்தக் குறைவு ஒன்றையே ஆதாரமாகக் கொண்டு, வேண்டிய பெட்ரோலை உறிஞ்சிக் கலந்து கொடுக்கும் அந்தப் பித்தளை ஜெட்டின் சூட்சுமத்தை முழுதும் உணர்ந்தவனே, அதன் இடத்தில் வேறொன்றை வைக்கும் யோக்கியதை பெறுகிறான். அதன் குறை என்னவென்றால், உள்ளே போகும் காற்றின் கன அளவை அது ஒருவாறு உணருமேயன்றி, அதன் எடையைச் சரிவர உணராது. வில்லியனூரின் சமவெளியில் காற்று-பெட்ரோல் மிக்சர் சரிசெய்யப்பட்ட வண்டி, 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகமண்டலத்துக்கு ஏறும்போது, காற்று ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இலேசாகிவிடுகிறது. ஜெட்டின் துவாரமோ மாறுவதில்லை. ஆகவே பெட்ரோல் மிகுந்து, பிளக் கரிபிடித்து, மலைப்பாதையின் வளைவுகளில் என்ஜின் திணறுகிறது. கடற்கரையில் ஓர் இரவும் மலையுச்சியில் ஓர் இரவும் தங்குவதற்கென்றே பிறந்த வண்டிக்கு இது சிறிய குறையன்று.

இன்ஜெக்ஷனை நாடுவதற்கு நம் வெயில் இன்னொரு காரணம். வைகாசி மாதத்து மத்தியானத்தில் நெடுந்தூரம் ஓடி, சாலையோரத்து டீக்கடையில் நிறுத்தப்பட்ட வண்டியில், என்ஜினின் சூடு மேலெழும்பி, பம்பிலும் கார்புரேட்டர் கிண்ணத்திலும் உள்ள பெட்ரோலை ஆவியாக்கிவிட, அது மீண்டும் ஸ்டார்ட் ஆகாமல் அடம்பிடிப்பதை நீயே பார்த்திருப்பாய். 1973-இல் வெளிவந்த அமெரிக்க ஜி.எம்.சி. வீட்டு வண்டியின் ஏழரை லிட்டர் என்ஜினைப் போற்றிக் காத்துவரும் அன்பர்கள் இன்ஜெக்ஷனை நாடியதற்கும் இந்த ஆவித் தொல்லையே முக்கிய காரணங்களுள் ஒன்று. வளிமண்டலத்தைப்போல் மும்மடங்கு அழுத்தத்தில் குழாய்க்குள் அடைபட்டு, மிகுந்தது உடனுக்குடன் டாங்க்குக்கே திரும்பிச் சுழன்றுகொண்டிருக்கும் பெட்ரோல் அவ்வளவு எளிதில் கொதிப்பதில்லை. இதனோடு, 2023 பிப்ரவரி தொடங்கி நம் நாட்டு பங்க்குகளில் பரவிவிட்ட, 20 சதவிகிதம் எத்தனால் கலந்த பெட்ரோலையும் நினைத்துப் பார். தூய பெட்ரோல் ஒரு பங்கு எரிய 14.7 பங்கு எடையுள்ள காற்று வேண்டும். இந்தக் கலவைக்கோ சுமார் 13.5 பங்கே போதும். பழைய ஜெட் பழைய அளவையே தருமாதலால் மிக்சர் மெலிந்து, தண்ணீரின்றிக் காற்றினாலேயே குளிரும் உன் என்ஜினின் சூடு ஏறி, எக்ஸாஸ்ட் வால்வுக்கு ஆபத்து வருகிறது. எரிந்த புகையில் எஞ்சிய ஆக்ஸிஜனை அறிந்து அளவைத் திருத்திக்கொள்ளும் இன்ஜெக்ஷன், இந்த வேறுபாட்டைத் தானே ஈடுசெய்துகொள்ளும்.

இவ்வளவு நியாயங்கள் இருந்தாலும், வண்டி வில்லியனூருக்கும் பாகூருக்கும் இடையே மட்டுமே ஓடப்போகிறதென்றால், நல்லதொரு கார்புரேட்டர் கிட்டும் புதிய ரப்பர் ஹோஸ்களுமே போதுமென்று சொந்தக்காரரிடம் மனம் திறந்து சொல்லிவிடு. வேண்டாத வேலையை வேண்டாமென்று சொல்லும் வாய்மையும் தொழிலின் ஓர் அங்கமே.

இன்ஜெக்ஷன் வித்தையின் சரித்திரத்தையும் நீ அறிந்திருக்கவேண்டும். 1958-ஆம் வருஷத்து மாடல் கார்கள் சிலவற்றில், பெண்டிக்ஸ் நிறுவனம் உருவாக்கிய 'எலெக்ட்ரோஜெக்டர்' என்னும் மின்னணு ஏற்பாட்டைக் கிறைஸ்லர் நிறுவனம் பொருத்தி விற்றது. தத்துவத்தில் பிழையில்லை, ஆனால் ஓடும் காரின் சூட்டையும் அதிர்வையும் அக்காலத்து மின் உறுப்புகள் தாங்காமற் போகவே, அந்தக் கார்களில் பெரும்பாலானவை மீண்டும் கார்புரேட்டருக்கே மாற்றப்பட்டன. பெண்டிக்ஸின் உரிமைகளைப் பெற்ற பாஷ் நிறுவனம் அதே தத்துவத்தை டி-ஜெட்ரானிக் என்ற பெயரில் பக்குவப்படுத்த, அது 1967-இல் ஃபோக்ஸ்வேகன் 1600 காரில் ஏறிற்று. அந்தக் காரின் என்ஜினும் உன் முன் நிற்கும் வண்டியின் என்ஜினும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. பிரேசில் நாட்டில் இதே வண்டி, 1990-களின் பிற்பகுதியில், காற்றால் குளிரும் என்ஜினோடேயே இன்ஜெக்ஷன் பெற்று வெளிவந்தது. ஆகவே, நீ செய்யப்போவது அந்த என்ஜினின் இயல்புக்கு விரோதமான காரியமன்று. ஆயினும், தத்துவம் சரியாயிருந்தும் சூட்டாலும் அதிர்வாலும் தோற்ற அந்த முதல் முயற்சியை மனத்தில் வைத்து, இ.சி.யு. என்னும் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டியை என்ஜின் அறைக்குள் வைக்காமல், சீட்டுக்கு அடியில், ஈரமும் சூடும் அணுகாத இடத்தில் வை. கழற்றிய கார்புரேட்டரையும் பம்பையும் சுத்தம் செய்து, எண்ணெய் தடவி, சொந்தக்காரரிடமே பத்திரமாக ஒப்படை.

இனி, நான் சொல்ல வந்தவற்றுள் தலையாய செய்திக்கு வருகிறேன். கார்புரேட்டர் வண்டியில் மெக்கானிக்கின் திறமை அவன் காதிலும் விரல் நுனியிலும் இருந்தது. இன்ஜெக்ஷன் வண்டியிலோ, அவன் தரும் அளவுகளின் நேர்மையில் இருக்கிறது. இ.சி.யு. சுயமாக எதையும் காண்பதில்லை. சென்சார்கள் சொல்வதை அப்படியே நம்பி, ஒரு நொடியின் ஆயிரத்தில் இரண்டு மூன்று பங்கு நேரத்துக்கு பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரைத் திறந்து மூடுகிறது. நீ அதற்கு ஒரு பொய்யைச் சொன்னால், அந்தப் பொய்யையே அது நிமிஷத்துக்கு ஆயிரக்கணக்கான முறை சளைக்காமல் நிறைவேற்றிக்கொண்டிருக்கும்.

ஆகையால், ஒரு ஒயரைக்கூடத் தொடுவதற்கு முன்பு, என்ஜினின் ஆரோக்கியத்தை நிச்சயப்படுத்திக்கொள். நான்கு சிலிண்டர்களின் கம்ப்ரெஷனையும் அளந்து எழுது. வால்வு இடைவெளி 0.15 மில்லிமீட்டர் இருக்கிறதா என்று, என்ஜின் முற்றும் குளிர்ந்திருக்கும் காலை வேளையில் பார், மேனிஃபோல்டு இணைப்புகளில் ஏர் லீக் இல்லையென்று உறுதி செய், டைமிங்கைச் சரிசெய், இவ்வளவும் முடித்து, பழைய கார்புரேட்டரோடேயே வண்டி சீராக ஐடிலிங் நிற்கும்படி செய். தேய்ந்த என்ஜினுக்கு இன்ஜெக்ஷன் பொருத்துவது, ஜுரம் கண்டவனுக்குப் பட்டு வேஷ்டி கட்டிவிட்டு நோய் தீர்ந்ததென்று நம்புவதற்கு ஒப்பாகும்.

அடுத்தது இன்ஜெக்டர். பெரியது வாங்கினால் சக்தி பெருகுமென்று கடைக்காரர் சொல்லக்கூடும், நம்பாதே. ஐம்பது குதிரைசக்தி அளவேயுள்ள இந்த 1600 சி.சி. என்ஜின், முழு வேகத்திலும் ஒரு சிலிண்டருக்கு நிமிஷத்துக்குச் சுமார் 80 சி.சி. பெட்ரோலையே வேண்டி நிற்கிறது. ஆகவே நிமிஷத்துக்கு 120 அல்லது 130 சி.சி. தரும் சிறிய இன்ஜெக்டரே போதும். 3,000 சுற்றில் என்ஜின் ஒருமுறை சுழல ஒரு நொடியின் ஐம்பதில் ஒரு பங்குதான் ஆகிறது. அந்த அவகாசத்துக்குள் திறந்து மூடவேண்டிய இன்ஜெக்டர் தேவைக்கு மிஞ்சிப் பெரியதாயிருந்தால், ஐடிலிங்கில் அது திறந்திருக்கவேண்டிய நேரம், அதன் ஊசியால் ஒழுங்காகக் கீழ்ப்படிய முடியாத அளவுக்குக் குறுகிவிடும்.

வாங்கிய நான்கையும் அப்படியே மாட்டிவிடாதே. ஒரு கட்டையில் நான்கு துளையிட்டு வரிசையாகப் பொருத்தி, கீழே அளவுக்கோடிட்ட நான்கு கண்ணாடிக் குழாய்களை வை. பெட்ரோலைத் தவிர்த்து, எளிதில் தீப்பற்றாத சோதனைத் திரவத்தை மூன்று பார் அழுத்தத்தில் செலுத்து. நான்கையும் ஒரே சமயத்தில் ஒரு நிமிஷம் திறந்து மூடு. நல்ல இன்ஜெக்டரின் நுனியிலிருந்து திரவம் கூம்பு வடிவில், கண்ணுக்கு மங்கலாய்த் தோன்றும் நுண்துளிகளாக விரியும். அழுக்கேறியதிலோ ஒரு பக்கம் சாய்ந்த தாரையாக இறங்கும். பழுதானது, மின்சாரத்தை நிறுத்திய பிறகும் நுனியில் ஒரு துளியைத் திரட்டிச் சொட்டும். குழாய்களைக் கண் மட்டத்துக்கு உயர்த்திப் பார்த்து, ஒன்றுக்கொன்று மூன்று சதவிகிதத்துக்கு மேல் வித்தியாசம் தெரிந்தால், சுத்தம் செய்து மறுபடி அள. இதற்கு ஒரு மாலைப்பொழுது செலவாகும். செய்யாவிட்டாலோ, ஒரு சிலிண்டர் பட்டினியாகவும் மற்றொன்று மிகையுண்டும் ஓடுவதன் காரணம் தெரியாமல் வாரக்கணக்கில் நீ அலைய நேரும்.

சென்சார்களையும் இவ்வாறே சோதிக்கவேண்டும். ரேடியேட்டர் இல்லாத வண்டியாதலால் வெப்ப சென்சாரைச் சிலிண்டர் ஹெட்டில் பொருத்து. அதை முதலில் வெந்நீரில் தெர்மாமீட்டரோடு சேர்த்து அமிழ்த்தி, அது சொல்லும் அளவும் தெர்மாமீட்டரின் அளவும் ஒத்துப்போகின்றனவா என்று பார். எர்த் ஒயர்கள் அனைத்தையும் ஒரே இடத்தில், பெயிண்ட் சுரண்டிய இரும்பில் இறுக்கு. இன்ஜெக்ஷன் கோளாறு என்று பேசப்படுவனவற்றில் பல, துருவேறிய எர்த்திலேயே போய் முடியும். பழைய டைனமோ இருக்குமாயின் அதன் 30 ஆம்பியர், விளக்குகளோடு பம்பையும் இ.சி.யு.வையும் சேர்த்துத் தாங்குவது கடினம், ஆல்டர்னேட்டருக்கு மாற்றிவிடு. 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ். 6 என்னும் புகைக் கட்டுப்பாட்டு விதியின் பயனாக, நம் சந்தைக்குக் கீரைக்கட்டு ஏற்றிவரும் டி.வி.எஸ். எக்ஸ்.எல். வண்டியிலும் இன்ஜெக்ஷன் வந்துவிட்டதால், ஸ்கேனரைப் படித்தறியும் பழக்கம் உனக்கு ஏற்கெனவே உண்டு. அந்தப் பழக்கத்தையே இங்கும் முறையாகக் கையாள்.

ஒரு விஷயத்தில் மட்டும் எவ்விதச் சலுகைக்கும் இடம் கொடாதே. இந்த வண்டியில் டாங்க்கும் என்ஜினும் பின்புறத்தில் அருகருகே இருக்கின்றன. படுக்கையோ என்ஜினுக்கு மேலேயே விரிகிறது. என்ஜினின் கிராங்க்கேஸ் மெக்னீஷியம் கலந்த உலோகமாதலால், தீப்பற்றினால் அணைப்பது மிகக் கடினம். கார்புரேட்டருக்கு இருந்த மெல்லிய ஹோஸையும் சாதாரணக் கிளாம்ப்பையும் மூன்று பார் அழுத்தத்துக்கு உபயோகிப்பது, உறங்கும் குடும்பத்தின் உயிரோடு விளையாடும் அதர்மமாகும். இன்ஜெக்ஷனுக்கென்றே செய்யப்பட்ட ஹோஸையே வாங்கு. தகட்டைத் துளைத்துப் போகும் இடங்களில் ரப்பர் வளையம் இடு. என்ஜின் நின்றால் பம்பும் உடனே நிற்கும்படி ரிலேயை அமை. மோதலில் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஸ்விட்ச்சையும் சேர். செலவைக் குறைக்கச் சொல்லிச் சொந்தக்காரர் வற்புறுத்தினால், வேறு எதில் வேண்டுமானாலும் குறை. இதில் குறைக்கச் சம்மதியாதே. மேலும், பதிவான வண்டியின் அமைப்பை மாற்றுவதுபற்றி 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு விதி செய்திருப்பதால், போக்குவரத்துத் துறையில் எழுத்து மூலம் கேட்டுத் தெளிந்த பின்பே வேலையைத் தொடங்கு.

முடிவாக ஒன்று. வேலை நிறைவேறியதும், எந்த நிற ஒயர் எங்கே போகிறது, எந்த ரிலே எதற்கு, எந்த சென்சார் எந்த வண்டியினுடையது, எந்த ஃபில்டர் எந்தக் கடையில் கிடைக்கும் என்பவற்றையெல்லாம் தெளிவான தமிழில் ஒரு நோட்டில் எழுதி, படமும் வரைந்து, வண்டிக்குள்ளேயே வைத்து அனுப்பு. தொழில் ரகசியத்தை மூடி வைத்தால் வாடிக்கையாளர் நம்மிடமே திரும்பி வருவார் என்று சிலர் உபதேசிப்பார்கள். வீட்டு வண்டியோ வீடு திரும்புவதற்காகப் புறப்படுவதன்று. திண்டுக்கல்லிலோ தார்வாரிலோ அது நின்றுபோனால், உன்னை ஒருபோதும் கண்டிராத ஒரு மெக்கானிக் அந்த நோட்டைப் பிரித்து, அரைமணி நேரத்தில் குற்றத்தைக் கண்டுபிடிக்கும்படி உன் வேலை அமையவேண்டும். அத்தகைய வேலையைச் செய்பவனையே நான் கைதேர்ந்தவன் என்று மதிப்பேன். நீ அவ்வாறு ஆவாய் என்ற நம்பிக்கை எனக்குப் பூரணமாக இருக்கிறது.

உன் நலம் நாடும்,
அண்ணன்