இரு தையலுக்கிடையே ஒரு போர்வை

நற்பிட்டிமுனையிலும் அயலூர்களிலும் வீட்டில் மெசின் வைத்துத் தைத்துப் பிழைக்கும் தாய்மார் உளர். பிறர் பிள்ளைகளுக்குப் பெருநாள் உடுப்பும் பாடசாலைச் சீருடையும் தைத்து முடிக்கையில், தம் பிள்ளைக்குத் தைக்க நேரமுமிராது, துணியுமிராது. காலடியில் சிதறும் வெட்டுத் துண்டுகளைக் கொண்டே, தனியாக நேரம் ஒதுக்காமல், ஒட்டுப் போர்வை ஒன்று செய்யும் வழியை இன்று பார்ப்போம்.

ஒரு தையல் முடிந்ததும் துணியை இழுத்து, நான்கைந்து அங்குல நூல் விட்டு வெட்டுகிறோம். அடுத்ததைத் தொடங்கும்போது பொபின் நூல் சிக்காதபடி நுனியைப் பிடித்துக்கொள்கிறோம். இந்த நூலும் பாடும் நாள்தோறும் வீண். அமெரிக்காவில் போர்வை தைக்கும் பெண்களிடம் இதற்கு ஓர் எளிய முறையுண்டு. தையல் முடிந்ததும் நூலை வெட்டாமல், இரண்டு சிறு துண்டுகளை முகத்தோடு முகம் வைத்து அதன் பின்னாலேயே ஓடவிடுவார்கள். அவை ஊசியின் கீழேயே நிற்க, முன்பு தைத்த வேலையை மட்டும் வெட்டி எடுப்பார்கள். அடுத்த சட்டைக் கையை வைக்கும்போது ஊசி ஏற்கெனவே துணியில் நிற்பதால் சிக்கு விழாது. நூல் மிச்சம், இணைந்த சோடி இனாம்!

மட்டையில் 2½ அங்குலச் சதுரம் ஒன்று வெட்டி, அதை அளவாகக் கொண்டு துண்டுகளை நறுக்கி, ஒரு பிஸ்கட் தகரத்தில் மெசினருகே வையுங்கள். தையலுக்கு ஓரத்தில் ¼ அங்குலம் போதும். 560 சதுரங்கள் 40க்கு 56 அங்குலப் பிள்ளைப் போர்வையாகும். நாளுக்குப் பத்துச் சோடி என்றால் 280 சோடிக்கு 28 நாள். சோடிகளை நான்கு நான்காக இணைப்பதும் இவ்வாறே; அதற்கு இன்னும் 14 நாள். நீண்ட வரிசைகளைப் பொருத்தத்தான் ஓரிரு பிற்பகல் தனியே உட்காரவேண்டும். நிறம் பொருந்துகிறதா என்று மணிக்கணக்கில் யோசிப்பது எனக்கு உடன்பாடில்லை. கடும் நிறம் ஒன்று, வெளிர் நிறம் ஒன்று, அது போதும்.

ஆனால் துணியின் இனத்தில் கண்டிப்பு வேண்டும். பருத்தியோடு பருத்தியே சேரும். ஹபாயா தைத்து மிஞ்சும் வழுக்குத் துணி சூடான இஸ்திரிப் பெட்டி பட்டால் சுருண்டுவிடும். அதை வேறாக வையுங்கள். மருதமுனைக் கைத்தறித் துண்டு நல்லதுதான். எனினும் புதிய துணி சுருங்கும், சாயமும் கசியலாம். வெட்டுமுன் நனைத்து உலர்த்துங்கள்.

அடிப்பாகத்துக்குப் பஞ்சு எதற்கு? நம் கரையோர வெப்பத்துக்கு அது பாரம். கர்நாடகத்தின் வடகன்னட மாவட்டத்தில் ஆபிரிக்க வழிவந்த சித்தி மக்கள் வாழ்கிறார்கள். அவர்களில் இந்துக்களும் முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் உண்டு. அப்பெண்கள் கையால் தைக்கும் ‘கவண்டி’ப் போர்வைக்குப் பழஞ்சேலையே அடித்தளம். ஓரத்தில் தொடங்கிச் சுற்றிச் சுற்றி நடுவை நோக்கி ஓட்டுத் தையல் போடுவார்கள். நான்கு மூலையிலும் மடித்த துணியாலான ‘பூ’ இல்லாவிட்டால் போர்வை நிறைவுறாது என்பது அவர்கள் வழக்கு.

நாமும் பழைய பருத்திச் சேலையில் 60 அங்குல நீளமாக இரு துண்டுகள் எடுக்கலாம். ஒன்றை மேற்பாகத்தின் அளவுக்கு வெட்டி நடுவில் வையுங்கள். மற்றதை முழு அகலத்தில் அடியில் விரித்து, மூன்றும் நகராதபடி கையால் ஓட்டுத் தையலிடுங்கள். சுற்றிலும் நீண்டிருக்கும் அடித்துணியை மேற்புறமாக மடித்துத் தைத்தால் அதுவே ஓரப்பட்டி. தனிப்பட்டி வாங்கத் தேவையில்லை.