மாடியில் சோலார்: முதலில் முழுப்பணம், பிறகுதான் மானியம்

"மானியம் போக மீதியைக் கட்டினா போதும்தானே?" சோலார் போட நினைக்கும் பலரும் கேட்கும் கேள்வி இது. போதாதுங்க. கணக்கை இப்படிப் போட்டுப் பாருங்கள்.

எவ்வளவு தேவை? கடந்த ஓராண்டு மின்கட்டண விவரத்தை செல்போனில் எடுங்கள். 1 கிலோவாட் சோலார் ஒரு நாளைக்குச் சராசரியாக 4 யூனிட், 2 மாதத்துக்குச் சுமார் 240 யூனிட் தரும். 2 மாதத்துக்கு 450 யூனிட் ஓடும் வீட்டுக்கு 2 கிலோவாட் போதும். நிழல் விழாத மாடி இடம் கிலோவாட்டுக்குச் சுமார் 100 சதுர அடி வேண்டும்.

மானியம் எவ்வளவு? 'பிஎம் சூர்ய கர்' திட்டத்தில் 1 கிலோவாட்டுக்கு ரூ.30,000, 2 கிலோவாட்டுக்கு ரூ.60,000, 3 கிலோவாட்டுக்கு ரூ.78,000. அதற்கு மேல் எத்தனை கிலோவாட் போட்டாலும் அதே ரூ.78,000தான்.

கையில் எவ்வளவு வேண்டும்? 2 கிலோவாட்டுக்கு விலைப்புள்ளி ரூ.1,40,000 என்று வைத்துக்கொள்வோம். கடைசியில் உங்கள் செலவு ரூ.80,000. ஆனால் முதலில் புரட்ட வேண்டியது முழு ரூ.1,40,000. பேனல் மாட்டி, நெட் மீட்டர் பொருத்தி, ஆய்வு முடிந்த பிறகே மானியம் உங்கள் வங்கிக் கணக்குக்கு வரும். கையில் பணம் இல்லையென்றால், முன்பணம் கொடுக்கும் முன்பே வங்கிக் கடனுக்கு விண்ணப்பித்துவிடுங்கள்.

கவனிக்க வேண்டியவை:

• திட்டத்தின் தேசிய இணையதளத்தில் மின் இணைப்பு எண்ணைக் கொடுத்து முதலில் பதிவு செய்யுங்கள்.

• அந்தத் தளத்தில் பதிவான நிறுவனங்கள் இரண்டு மூன்றிடம் விலை கேளுங்கள். பதிவில்லாத ஆளிடம் போட்டால் மானியம் கிடைக்காது.

• செல்லும் பேனலும் இந்தியாவில் தயாரானவை என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

• "மானியம் வந்திருக்கு, ஓடிபி சொல்லுங்க" என்று யார் கேட்டாலும் சொல்லாதீங்க.