வெளிநாட்டில் திடீர் நெஞ்சுவலியா?

மீமிசல் பக்கம் வீட்டுக்கு ஒருவராவது சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா என்று வேலைக்குப் போயிருப்பார். பயணம் கிளம்புமுன் இவற்றையும் கவனியுங்கள்.

● ஊரில் 108 என்றால் அங்கே வேறு எண். ஆம்புலன்சுக்கு சிங்கப்பூரில் 995, மலேசியாவில் 999, சவூதியில் 997, துபாயில் 998, கத்தாரில் 999, குவைத்தில் 112. போகும் நாட்டின் எண்ணை போனில் பதிந்துகொள்ளுங்கள்.

● கேம்ப் பெயர், பிளாக், தெரு, ரூம் நம்பரை ஆங்கிலத்தில் எழுதிக் கதவருகே ஒட்டுங்கள். ஆம்புலன்ஸ் வரும்போது ஒருவர் கேட்டில் நிற்கட்டும்.

● மாத்திரையின் கம்பெனிப் பெயர் அங்கே செல்லாது. மெட்ஃபார்மின் 500, அம்லோடிபின் 5 என்று மருந்தின் பெயரையும் அளவையும் எழுதி பர்மிட் கார்டோடு வையுங்கள். ஒவ்வாத மருந்தையும் குறியுங்கள்.

● நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், முகம் கோணுதல், நிற்காத ரத்தப்போக்கு என்றால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

● சளி, லேசான காய்ச்சலுக்கு கிளினிக் போதும். எமர்ஜென்சியில் வந்த வரிசை கிடையாது, ஆபத்தானவருக்கே முதலிடம். லேசான நோய்க்குக் காத்திருப்பும் செலவும்தான் மிச்சம்.

● சிங்கப்பூரில் ஒர்க் பெர்மிட்காரருக்கு முதலாளி மருத்துவ இன்சூரன்ஸ் எடுத்தாக வேண்டும்; 2023 ஜூலை முதல் காப்புத்தொகை ஆண்டுக்குக் குறைந்தது 60,000 வெள்ளி. பாலிசி விவரத்தை முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள்.

● டிஸ்சார்ஜ் சீட்டு, பில் இரண்டையும் போட்டோ எடுத்து வீட்டுக்கும் அனுப்பிவிடுங்கள்.